அச்சேறும் முன் ஓர் அவை: மலாயாவின் கதை வகுப்பும் நம் கால எழுத்துக் குழுக்களும்

மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் ஒரு வகுப்பைப் பற்றிக் கூறாமல் மேலே செல்வதில்லை. அவ்வகுப்பு எந்தப் பள்ளியிலும் நடைபெறவில்லை. 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் பக்கங்களிலே அது நடைபெற்றது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவர் அதனை நடத்தினர். கதை வகுப்பு என்பது அதன் பெயர். சிறுகதை என்னும் வடிவத்தைப் பாடமாக விளக்குவது, பயிற்சி தருவது, பயின்றோர் எழுதி அனுப்பியவற்றை மதிப்பிடுவது என அது நடந்தது. பின்னாளில் இந்நாட்டின் முன்னோடி எழுத்தாளர்கள் எனப் பெயர் பெற்றோர் பலருக்கு அதுவே முதற்பள்ளி.

இவ்வகுப்பினை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுத்தாளர்களை உருவாக்கிய நிகழ்ச்சி என்ற அளவில் போற்றிவிட்டு அமைகின்றன. என் நோக்கம் சற்று வேறு. ஒருவர் எழுதியதை அச்சேறும் முன் இன்னொருவர் படித்து, இன்ன இடம் பொருந்தவில்லை, இன்ன காரணத்தால் பொருந்தவில்லை என்று கூற, எழுதியவர் அதனைத் திருத்தி எழுதும் பழக்கம் நம்மிடையே எப்போது எவ்வாறு வேர் பிடித்தது, எங்கே தளர்ந்தது என்பதே இங்கு நான் ஆராய விரும்புவது. ஆசிரியர்களும் மாணவர்களும் எழுத்துக் குழு ஒன்றை அமைக்க எண்ணினால் முன்னோர் செய்து பார்த்தவற்றை அறிந்துகொண்டு தொடங்குவது நன்று.

முதலில் காலச்சூழல். இப்பகுதியில் தமிழ்க் கதை எழுத்து 1950-இல் பிறந்தது அன்று. சிங்கப்பூரில் மகதூம் சாயபு 1888-இல் சிங்கை நேசன் இதழில் வினோத சம்பாஷணை எழுதினார். வே. சின்னையா பிள்ளையின் நவரச கதாமஞ்சரி 1930-இல் நூலாக வந்தது. தமிழ் நேசன் 1924 முதலும் தமிழ் முரசு 1935 முதலும் வெளிவந்தன. ஆயினும் போருக்கு முன் எழுதியவர்களில் பெரும்பாலோர் தனித்தனியே எழுதியவர்கள். தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த இதழ்களைப் படித்து, அவற்றில் கண்ட கதைகளைப் போலத் தாமும் எழுதினார்கள். அனுப்பிய கதை அச்சாகிவிட்டால் நன்று என்று பொருள். அச்சாகாவிட்டால் ஏன் என்று அறிய வழியில்லை.

பிறகு சப்பானியர் ஆட்சி வந்து போனது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களில் இரவு நடமாட்டத்திற்குக் கட்டுப்பாடு, சாலைகளில் சோதனை. கிள்ளானுக்கு அருகில் ஒரு தோட்டத்துப் பள்ளி ஆசிரியரும் கோலாலம்பூரில் ஓர் எழுத்தரும் மாலையில் ஓரிடத்தில் கூடிக் கதை படிப்பது அன்று எளிய செயலன்று. நாளிதழ் வழியாக வகுப்பு நடத்தும் எண்ணத்திற்கு இச்சூழலும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்பது என் கருத்து. கூட முடியாதவர்களுக்கு அஞ்சலும் அச்சுமே அவையாயின. ஒருவர் கதையில் காணப்பட்ட குறையை ஊர்பேர் அறியாத நூறு பேரும் படித்துத் தம் கதையோடு ஒப்பிட்டுக்கொள்ள முடிந்தது. நேருக்கு நேர் கூடும் குழுவிலும் கிடைக்காத நன்மை இது.

வகுப்பு என்ற அப்பெயரைச் சற்று நோக்க வேண்டும். வகுப்பென்றால் மேலே ஆசிரியர், கீழே மாணவர். அக்காலத்திற்கு அது தேவையாயிருந்தது. ஆனால் எழுத்துக் குழு என்று இன்று நாம் கூறுவது ஒப்பாரோடு ஒப்பார் அமர்ந்து பயில்வதை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய நூல் நம்மிடமே உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கல்வியைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கே. தன்னொடு பயில்வாரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்கும்போது வந்து சேர்கிறது. ஆசிரியர் பயிற்சியில் நன்னூலைப் பாடம் கேட்டவர்கள் இதனை அறிவார்கள். அறிந்தும் நம் வகுப்பறைகளில் முதற் கால் பங்கோடு நிறுத்திக்கொள்கிறோம்.

குழுவில் அமர்ந்து பிறர் கதையை ஆராய்பவர் பவணந்தியார் கூறும் பின் முக்கால் பங்கைப் பெறுகிறார். தம் கதையில் தாம் காணாத குறையைப் பிறர் கதையில் கண்டு, அதற்குக் காரணம் கூற முயலும்போது தமக்கே பாடம் ஆகிறது. தம் கதைக்கு வரும் கருத்துரையைப் பெறுவதற்காகவே குழுவில் சேர்வோர் மிகுதி. என் அனுபவத்தில் கேட்டதைவிடச் சொன்னதிலேதான் அவர்கள் அதிகம் கற்றிருக்கிறார்கள்.

கருத்துரைக்குரிய கலைச்சொற்களையும் நன்னூல் தருகிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் என்று அது கூறுவன இலக்கண நூலுக்கு மட்டும் உரியனவல்ல. குன்றக் கூறல், மிகைபடக் கூறல் ஆகிய இரண்டையும் எந்தக் கதைக் குழுவிலும் முதல் நாளிலேயே பயன்படுத்தலாம். தோட்டத்து வறுமையைப் பற்றித் தொடங்கிய கதை இடையில் தீபாவளியின் பெருமையை இரண்டு பக்கம் பேசினால் அது மற்றொன்று விரித்தல். நன்றாகத் தொடங்கி, போகப் போக வலுவிழந்து முடியும் கதைக்குச் சென்று தேய்ந்து இறுதல் என்பதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் இருக்குமா என்பது ஐயமே. நம் மாணவர் சிறுகதைகளில் பாதிக்கு இக்குற்றம் உண்டு. எழுதியவரிடம் 'கதை சரியில்லை' என்று கூறினால் அவர் மனம் வாடுவார். 'எட்டாம் பத்தியிலிருந்து தேய்கிறது' என்று கூறினால் எட்டாம் பத்தியைப் பார்ப்பார்.

நம் மரபில் அரங்கேற்றம் இருந்ததே, அதுவும் இதுவும் ஒன்றல்லவா என்று கேட்கலாம். ஓரளவே ஒன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் தனித்தனியே கண்ட உரைகளை எடைபோட உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனை அமர்த்தினர் என்றும், நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் கண்ணீர் வார மெய்சிலிர்த்தான் என்றும் அவ்வுரை ஒரு கதை சொல்கிறது. அழகிய கதைதான். ஆனால் அச்சிறுவன் வாய் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த உரை சிறந்தது என்று தெரிந்தது. மற்றவை ஏன் சிறக்கவில்லை என்பது அவற்றை எழுதியவர்களுக்குத் தெரியாமலே போயிற்று. அரங்கேற்றம் முடிந்த நூலுக்கு உரியது. எழுத்துக் குழுவுக்கு உரியது முடியாத வரைவு.

மீண்டும் மலாயாவுக்கு வருவோம். 1950களின் முற்பகுதியில் கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு ஆசிரியராக வந்து 1957 வரை இங்கிருந்தார். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்தவர். அதே ஊரினரான கி. ராஜநாராயணனின் இளமைத் தோழர். சென்னையில் சக்தி இதழில் பணியாற்றியவர். வரும்போதே தேர்ந்த சிறுகதை ஆசிரியர். அவர் இங்கு இலக்கிய வட்டம் கூட்டி, உள்ளூர் எழுத்தாளர்களை அமரவைத்து, சிறுகதை பற்றியும் அவர்கள் எழுதியவை பற்றியும் பேசினார். கதை வகுப்பில் அச்சின் வழியே நிகழ்ந்தது இங்கே நேர்முகமாக நிகழ்ந்தது. வகுப்பு என்ற சொல் வட்டம் என்று மாறியதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வட்டத்தில் தலைமாடு, கால்மாடு இல்லை. ஆனால் வட்டத்தின் நடுவே அழகிரிசாமியைப் போன்ற ஒருவர் அமர்ந்துவிட்டால் அனைவரும் அவர் முகத்தையே பார்த்திருப்பார்கள் என்பதும் இயல்பு. ஓர் ஆளை மையமாகக் கொண்ட குழு அந்த ஆளோடு போய்விடும். அதிலும் அவர் பணி நிமித்தம் கடல் கடந்து வந்தவர்.

அதே காலப்பகுதியில் சிங்கப்பூரில் தமிழ் முரசு பக்கங்களில் ரசனை வகுப்பு நடந்தது. புதுமைப்பித்தனின் தகுதி பற்றிய விவாதமும் சூடாக எழுந்தது. கோ. சாரங்கபாணி மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளைஞர்களை எழுத வைத்தார். மா. இராமையாவும் மா. செ. மாயதேவனும் தம் கதைகளைச் சேர்த்து இரத்ததானம் என்ற ஒரே தொகுப்பாக 1953-இல் வெளியிட்டனர். இருவர் கதைகள் ஓர் அட்டைக்குள் வந்தது அந்தத் தலைமுறையின் கூட்டு மனப்பான்மைக்கு நல்ல சான்று.

ரசனை என்ற சொல்லையும் இங்கே பிரித்தறிய வேண்டும். திருநெல்வேலியில் டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி நம் காலத்தின் புகழ்மிக்க இலக்கியக் கூட்டம். அங்கே கம்பனைப் பாடி, மீண்டும் பாடிச் சுவைத்தார்கள். சுவைக்கக் கற்காதவர் நல்ல கருத்துரை கூற முடியாது என்பதால் அதன் பயனை நான் குறைத்துக் கூறமாட்டேன். ஆனால் சுவைக்கும் கூட்டத்தில் எழுதியவர் இருப்பதில்லை. திருத்த வேண்டிய வரைவும் இருப்பதில்லை. டி. கே. சி. கம்பன் பாடல்களையே திருத்தினார் என்பது வேறு கதை. கம்பன் எழுந்து வந்து மறுக்கவில்லை.

1962-இல் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1970களின் தொடக்கத்தில் முருகு சுப்பிரமணியன் தமிழ் நேசனில் பவுன் பரிசுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். சிறந்த கதைக்கு ஒரு பவுன் தங்கம். நாடெங்கும் கதைகள் குவிந்தன. அதன் பின்னர்ச் சங்கங்களும் கூட்டுறவு நிறுவனங்களும் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையும் போட்டிகள் நடத்தின, இன்றும் நடத்துகின்றன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. எழுத்தாளருக்கு மதிப்பும் கைப்பொருளும் கிடைத்தன. தொகுப்பு நூல்கள் வந்தன. எனினும் பரிசு ஒரு வகையில் உருத்திரசன்மனின் கண்ணீர் போன்றது. வென்ற கதை எது என்று சொல்லும். வெல்லாத இருநூறு கதைகளை எழுதியவர்கள் அடுத்த ஆண்டு அதே குறையோடு இன்னொரு கதையை அனுப்புவார்கள். நடுவராகப் பலமுறை அமர்ந்தவன் என்ற முறையில் இதனைக் கூறுகிறேன். ஒரே கையெழுத்து, ஒரே விபத்து, ஒரே மனமாற்றம், பத்தாண்டுகள்.

சென்னையில் 1970-இல் ப. லட்சுமணன் முதலியோர் தொடங்கிய இலக்கியச் சிந்தனை ஒரு நடுவழியைக் கண்டது. மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்ததற்குக் காரணத்தையும் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1970களின் பிற்பகுதியில் அமைத்த இலக்கியக் களமும் உள்ளூர்க் கதைகளை மாதந்தோறும் ஆராய்ந்தது. இவை அச்சான கதையை ஆராய்ந்தனவே ஆயினும், காரணம் கூற வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன. நம் நாட்டில் இந்நூற்றாண்டில் 2007-இல் தொடங்கிய வல்லினம் கறாரான விமர்சனத்தையும் சிறுகதைப் பயிலரங்குகளையும் மீண்டும் பேசுபொருளாக்கியது. அதன் முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்காதவரும், அது எழுப்பிய கேள்விகளைத் தவிர்க்க முடியவில்லை.

விமர்சனம் என்றவுடன் நம்மவர் முகம் சுருங்குவதற்கு மொழி வரலாற்றிலும் காரணம் உண்டு. வடமொழியில் இச்சொல்லுக்கு ஆராய்ந்து நோக்குதல் என்பதே பொருள். தமிழில் வழங்கி வழங்கி, 'அவர் என்னை விமர்சித்துவிட்டார்' என்றால் குறை கூறினார் என்று ஆயிற்று. கண்டனம் என்பதும் முன்பு ஒரு கருத்தை மறுத்து எழுதும் நூல்வகையின் பெயர். இன்று ஊர்வலத்தில் எழுப்பும் குரல். திறனாய்வு என்று நாம் ஆக்கிய சொல் நல்ல சொல்தான், ஆனால் அது பல்கலைக்கழகத்துக்குள் தங்கிவிட்டது. குழுவில் வழங்க எளிய சொல்லாகக் கருத்துரை போதும்.

கருத்துரை சுட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்சுபோர்டில் ஒரு சான்றுண்டு. 1930கள் முதல் 1949 வரை சி. எஸ். லூயிசின் கல்லூரி அறையில் வியாழன் இரவுகளில் இங்க்ளிங்ஸ் என்னும் நண்பர் குழு கூடி, எழுதிக்கொண்டிருந்தவற்றை வாய்விட்டுப் படித்தது. டோல்கீன் தம் மோதிரங்களின் தலைவன் நாவலை நூலாக வரும் முன் அங்கேதான் பகுதி பகுதியாகப் படித்தார். லூயிசின் ஊக்கம் இல்லையேல் அதனை முடித்திருக்க மாட்டேன் என்று அவரே பின்னர் நன்றி பாராட்டினார். ஆனால் ஹ்யூகோ டைசன் என்னும் உறுப்பினருக்கு அக்கதை பிடிக்கவில்லை. அவர் வெளிப்படையாகச் சலித்துக்கொள்ள, அவர் வரும் நாள்களில் படிப்பது நின்றது. டைசன் காரணம் கூறவில்லை, சலிப்பைக் காட்டினார். குழுவில் ஒருவருடைய சுவை மற்றவருடைய வாயை அடைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

மலேசிய எழுத்தாளருக்கு உள்ளூர்க் குழு ஏன் வேண்டும் என்பதற்கு மொழியியலாளன் என்ற முறையில் இன்னொரு காரணமும் கூறுவேன். நம் பேச்சுத் தமிழில் பசியாறுவதும் பால்மரமும் மங்கும் பெரட்டும் ஆயக்கொட்டகையும் உண்டு. சென்னையில் இருக்கும் பதிப்பாசிரியர் 'பசியாறிட்டீங்களா' என்ற உரையாடலைப் பிழையென்று கருதித் திருத்தக்கூடும். 'பெரட்டு' என்பதற்கு அவர் அடிக்குறிப்புக் கேட்பார். இச்சொற்களின் வழக்கையும் நுட்பத்தையும் எடைபோட வல்லவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. அச்சொற்களை அறிந்தோர் எண்ணிக்கை குறைந்து வருகிறது.

செராசில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஆசிரியர்கள், இரண்டு கல்லூரி மாணவர், ஓய்வுபெற்றோர் மூவர். பெயர் வைக்கவில்லை. அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை எட்டுப் பேருக்குப் போதுமானது. ஒருமுறை இளம் ஆசிரியர் ஒருவர் தம் பாட்டியைப் பற்றிய கதை கொண்டுவந்தார். அதில் பாட்டி நண்பகல் வெயிலில் மரம் சீவுகிறார். உருக்கமான காட்சி, நாங்கள் ஐந்து பேர் பாராட்டினோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆசிரியை ஒருவர் மட்டும் மெல்லக் கேட்டார்: "தம்பி, வெயில் ஏறிட்டா பால் எப்படி இறங்கும்? நாங்க விடியுமுன்னே விளக்கைக் கட்டிக்கிட்டுப் போவோம். வெயில் வர்றப்ப பால் எடுத்துக்கிட்டிருப்போம்." கதையின் முதற்காட்சி இருளுக்குப் போயிற்று. நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் பாட்டியின் கைகள் மட்டும் தெரியும்படி அவர் திருத்தி எழுதிக்கொண்டு வந்தபோது, வெயிலும் வியர்வையும் பற்றி முன்பு எழுதியிருந்த ஒன்றரைப் பக்கம் தேவைப்படவில்லை. செய்திப் பிழை ஒன்றைக் களைந்ததால் மிகைபடக் கூறலும் நீங்கியது. எந்தப் போட்டி நடுவரும் அவருக்கு இதனைச் சொல்லியிருக்க முடியாது.

நடைமுறையாக நாங்கள் கைக்கொள்வன சிலவே. கதையின் படி ஒரு வாரம் முன்னதாக எல்லார் கைக்கும் போய்விட வேண்டும்; கூட்டத்தில் முதன்முறையாகக் கேட்டுவிட்டுக் கருத்துக் கூறுவது கதையை விடக் குரலுக்கு மதிப்பெண் போடுவதாக முடிகிறது. முதலில் ஒருவர் கதை என்ன சொல்கிறது என்று தம் சொற்களில் கூறுவார். எழுதியவர் நினைத்ததும் அவர் கூறியதும் வேறுபட்டால், அன்றைய பேச்சுக்குப் பாதிப் பொருள் கிடைத்துவிடும். மற்றவர் பேசி முடிக்கும் வரை எழுதியவர் பேசுவதில்லை. 1936-இல் தொடங்கிய அமெரிக்காவின் அயோவா எழுத்துப் பட்டறையின் வழியில் பல நாடுகளில் பரவிய வழக்கம் இது. நமக்குச் சற்றுக் கடினமே, ஏனெனில் மூத்தவர் எழுதிய கதையை இளையவர் அவர் முன்னிலையில் குறை சொல்வதும் அவர் வாய்மூடிக் கேட்பதும் நம் பழக்கமன்று. இதற்காகவே ஓய்வுபெற்றவர்களின் வரைவுகளை முதலில் எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டு கூட்டங்களில் மாணவர்கள் 'ஐயா, அருமையாக இருக்கிறது' என்பதற்கு மேல் கூறவில்லை. மூன்றாவதில் ஒரு மாணவி, இந்தக் கதையில் பெண்கள் அழுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லையே என்றார்.

தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் இத்தகைய குழுவை நடத்த முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். முடியும், ஆனால் மதிப்பெண்ணிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். மாணவர் கட்டுரையைத் திருத்தும் சிவப்பு மை எழுத்துப்பிழையைக் காட்டும். கதை எங்கே தேய்கிறது என்பதைக் காட்ட ஆசிரியருக்கு நேரமில்லை. நால்வர் நால்வராக அமர்த்தி, ஒருவர் எழுதியதை மற்ற மூவரும் படித்து ஆளுக்கொரு கேள்வி எழுதித் தரச் செய்யலாம். தீர்ப்பு வேண்டா, கேள்வி போதும். பதின்மூன்று வயதினர் தீர்ப்புக் கூறினால் நட்பு முறியும்.

தமிழ் நேசன் 2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நின்றுபோனது. கதை வகுப்பு நடந்த ஏடு அதுவே என்பதால் அந்த இழப்பு எழுத்தாளருக்குச் செய்தித்தாள் ஒன்றின் இழப்பினும் பெரிது. எஞ்சிய நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் கதைக்கு இடமுண்டு. கதையைத் திருத்தித் தர ஆளில்லை. இன்று எழுதுபவர் வரைவை முடித்த அன்றே கைப்பேசியில் வெளியிட்டு, அன்று இரவே நூறு வாழ்த்துகளைப் பெற்றுவிடலாம். வாழ்த்திய நூறு பேரில் இரண்டாம் பத்தியை மீண்டும் படித்தவர் எத்தனை பேர் என்பதை அவர் அறியமாட்டார்.

குழு அமைப்போருக்கு வரலாற்று மாணவன் என்ற நிலையில் ஒரு வேண்டுகோள். 1950களின் கதைகள் நமக்கு அச்சு வடிவில் கிடைக்கின்றன. அவற்றின் முதல் வரைவு எப்படியிருந்தது, இரு நாராயணன்களின் குறிப்பைப் பார்த்து எழுதியவர் எதை நீக்கினார், அழகிரிசாமியின் வட்டத்தில் எழுந்த ஐயத்துக்கு எவ்வாறு விடை கண்டார் என்பவற்றை அச்சுப்படியைக் கொண்டு அறிய இயலாது. ஆகவே ஒவ்வொரு கதைக்கும் முதல் வரைவு, உறுப்பினர் கைப்படக் குறித்த படிகள், இறுதி வடிவம் ஆகிய மூன்றையும் நாளிட்டு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். கணினியில் திருத்தும்போது பழையதன்மேல் புதியதை எழுதிவிடாமல் தனிப்பெயரில் சேமியுங்கள். பள்ளி நூலகத்தில் ஓர் அடுக்கு அதற்குப் போதும்.